மேஸ்ட்ரோ என்பது பட்டமா, பதவியா?

ராகதேவன் ரசிகன்:
இளையராஜாவுக்கு இசைஞானி கலைஞர் கொடுத்த பட்டம், சரி. மேஸ்ட்ரோ எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் ஏதோ பரீட்சை எழுதித் தேறினால்தான் அப்படிப் போட்டுக்கொள்ள முடியும் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். நிஜமா?

பழைய ரேடியோ:
பரீட்சையெல்லாம் கிடையாது. இத்தாலிய மொழியில் அதற்கு வாத்தியார் என்றுதான் அர்த்தம், தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவரும் அங்கே மேஸ்ட்ரோதான், பெண் என்றால் மேஸ்ட்ரா. கைத்தொழிலில் தேறி, பட்டறையில் பையன்களை வைத்துப் பழக்குகிறவருக்கும் அதே சொல். இசையில் பார்த்தால் தேவாலயத்தில் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் கட்டி மேய்த்து, விழாவுக்கு விழா புதிதாக எழுதியும் கொடுக்கிற ஆளுக்கு மேஸ்ட்ரோ டி கப்பெல்லா என்று பெயர், அது மாதச் சம்பள உத்தியோகம். இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டி 1613 முதல் 1643இல் சாகும்வரை வெனிஸ் சான் மார்கோ தேவாலயத்தில் அந்த வேலையில்தான் இருந்தார். அப்புறம் ஓபரா என்கிற இசை நாடக அரங்குகளில் இசையமைப்பாளரையும் வாத்தியக் குழுவை நடத்துகிறவரையும் மரியாதையாக அப்படிக் கூப்பிட, மற்ற நாட்டுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

வேர்ச்சொல் பைத்தியம்:
மூலம் லத்தீன் மாகிஸ்தெர். மாகிஸ் என்றால் அதிகம், ஆக மற்றவர்களுக்கு மேலே இருப்பவர். அதற்கு ஜோடியாக மினுஸ், குறைவு, அதிலிருந்து வந்த மினிஸ்தெருக்கு ஏவலாள் என்று பொருள் (நம்ம மினிஸ்டர்களிடம் யாராவது சொல்லுங்கள்). ஆங்கில மாஸ்டரும் மாகிஸ்தெர் வழிதான். போர்ச்சுகீசியர் வாயில் அது மெஸ்த்ரே, நம்மிடம் மேஸ்திரி. பரோட்டா மாஸ்டர், கட்டட மேஸ்திரி, மேஸ்ட்ரோ எல்லாரும் பங்காளிகள்!

சாரங்கி:
உஸ்தாதும் இதே குடும்பமா? ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறதே.

வேர்ச்சொல் பைத்தியம்:
இல்லை, அது பாரசீகச் சொல், அங்கேயும் ஆசான் என்பதே பொருள். அரபிக்குப் போய் பேராசிரியர் ஆனது. இந்துஸ்தானி இசையில் முஸ்லிம் கலைஞர் என்றால் உஸ்தாத், இந்து என்றால் பண்டிட்: அல்லாவுதீன் கான் உஸ்தாத், அவரிடமே படித்த ரவிசங்கர் பண்டிட். அதே உஸ்தாத் தமிழில் வஸ்தாது ஆகி, சிலம்பமும் குஸ்தியும் சொல்லித் தருகிறவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, பாட்டு வாத்தியாரை இங்கே யாரும் வஸ்தாது என்று கூப்பிடுவதில்லை.