குல்லிக் விளக்கு புகைகிறது, சுடர் பரவ மறுக்கிறது

ஒட்டாவாவில் இருக்கிறேன். வடதுருவப் பகுதிப் பழங்குடியினரான இனுயிட் பெண்கள் பனிவீட்டில் வெளிச்சத்துக்கும் சமையலுக்கும் ஏற்றிவந்த குல்லிக் விளக்கு ஒன்று மூன்று வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பிறைநிலா வடிவம், மாக்கல், 30 செ.மீ. நீளம். நேரான விளிம்பு நெடுகத் தாழ்வான சுடர் வேலி போல நிற்க வேண்டும். எனக்கோ நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் எரிகிறது. ஓரம் கருகி, கரும்புகை கக்கி, பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.

முறைப்படி எரிபொருள் சீல் என்ற கடல் விலங்கின் கொழுப்பு. திரிக்கு ஆர்க்டிக் பருத்திப்பூவும் பாசியும். கொழுப்பும் பூவும் கிடைக்கவில்லை, அதனால் கனோலா எண்ணெய், கடைப் பஞ்சு. முதலில் பஞ்சு மட்டும் வைத்தேன்: குத்துவிளக்குத் திரி மாதிரி உயரமாக எரிந்து புகைந்தது. அப்புறம் காய்ந்த பாசியைப் பொடித்துச் சரிபாதி கலந்தேன். புகை குறைந்தது, ஆனால் சுடர் பக்கவாட்டில் நகரவில்லை. விளக்கைத் திரிப்பக்கம் சற்றுச் சாய்த்தும், குச்சியால் தட்டி அமுக்கியும் பார்த்தாயிற்று. தட்டும் கையில்தான் வித்தை என்கிறார்கள். அது எனக்கு இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஏற்றிக் காட்ட வேண்டும். கனோலா எண்ணெயில் குல்லிக் ஏற்றிப் பழகியவர்கள், பாசியும் பஞ்சும் என்ன அளவில் கலக்கிறீர்கள்?