முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற நீராவி லாரி: பார்த்தவர்கள், ஏறியவர்கள் சொல்லுங்கள்

தென்காசிக்காரன்:

எங்கள் ஊர்ப் பக்கம் வேப்பமரத்தடியில் துருப்பிடித்த நீராவி ரோடு ரோலர் ஒன்று வெகுகாலம் கிடந்தது. அதன் மேல் ஏறித்தான் ஐஸ்பாய் விளையாடுவோம். ஆனால் நீராவியில் லாரியும் ஓடியது என்று முப்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது.

2022 ஆகஸ்ட் கடைசியில், இங்கிலாந்தில் டோர்செட்டின் டாரன்ட் ஹின்டன் வயல்வெளியில் நடந்த 'கிரேட் டோர்செட் ஸ்டீம் ஃபேர்' பார்க்க கூட வேலை செய்பவர் இழுத்துப் போனார். (அடுத்த வருஷம் அது ரத்தாகிவிட்டது. நல்ல வேளை, போனேன்.) டிக்கெட் வாங்கி உள்ளே போய் ஒரு ஓரமாக நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் அனல் அடித்தது. திரும்பினால் இரண்டடி தள்ளி ஒரு லாரி! வந்ததே தெரியவில்லை. டீசல் லாரி நின்றாலும் உறுமிக்கொண்டே இருக்கும். இதுவோ அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சென்டினல் கம்பெனியின் 'சூப்பர் சென்டினல்', 1920-களின் வண்டி. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து ஓட்டுநரே ஏறச் சொன்னார். கேபினுக்குள் அண்டாவை நிமிர்த்தி வைத்த மாதிரி கொதிகலன். கரியை மேலே இருந்து போடுகிறார். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 230 பவுண்டு வரை போகும் என்றார், அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது! மனுஷன் ரோட்டைப் பார்த்ததைவிட நீர்மட்டக் கண்ணாடிக் குழாயைப் பார்த்ததுதான் அதிகம். தண்ணீர் கீழே இறங்கினால் கதை முடிந்தது. கரிக்கு முன்னால் தண்ணீர்தான் தீருமாம். பக்கவாட்டில் கையளவு தடிமனில் ஒரு ஹோஸ் சுருட்டி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் வழியில் ஓடையைக் கண்டால் நிறுத்தி அதை இறக்குவார்கள், ஆவியின் விசையே தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும். குளத்தில் தும்பிக்கையை விட்ட யானைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏற்றத்தில் புகைபோக்கியிலிருந்து பொறி பறந்து என் புதுச் சட்டையில் மூன்று ஓட்டை. வீட்டில் திட்டு வாங்கியது தனிக் கதை.

பொன்மலை ரிட்டையர்டு:

தம்பி, நான் ரயில்வேயில் பாய்லரோடு காலம் தள்ளியவன். மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனபோது இரண்டு கண்காட்சி பார்த்தேன். நீங்கள் பார்த்தது ஒரு ஜாதி, ஃபோடன் இன்னொரு ஜாதி. செஷயரில் சாண்ட்பேச் ஊர்க் கம்பெனி. அதில் பாய்லர் ரயில் என்ஜின் மாதிரி படுத்திருக்கும், என்ஜின் அதன் முதுகில், அங்கிருந்து பின் சக்கரத்துக்குச் சங்கிலி. ஓட்ட ஒருவர், கரி போட ஒருவர். சென்டினலில் என்ஜின் வண்டிக்கு அடியில், ஓட்டுகிறவரே கரியும் போட்டுக்கொள்ளலாம். 1906 வாக்கில் கிளாஸ்கோவில் லாரி செய்ய ஆரம்பித்து, 1915-ல் ஷ்ரூஸ்பரிக்குப் போன கம்பெனி அது.

எனக்குப் பிடித்தது சென்டினல் பாய்லர்தான். போல்ட்டுகளைக் கழற்றினால் வெளிக்கூட்டிலிருந்து உள்பகுதி தனியாக வந்துவிடும். குழாயில் படிந்த உப்பை நேராகச் சுரண்டலாம். சின்ன ஓட்டை வழியாகக் கம்பி விட்டு வாஷ்-அவுட் (பாய்லரை உள்ளே கழுவுவது) செய்து முதுகு ஒடிந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

டீசல் வந்ததால் மட்டும் இந்த லாரிகள் போகவில்லை. 1933-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் வெறும் வண்டியின் எடையை வைத்து வரி போட்டது. பாய்லரும் தடித்த இரும்பு அடிச்சட்டமும் சேர்ந்தால் நீராவி லாரி காலியாகவே பாரம். நிலத்தில் கிடைக்கிற கரியை விட்டுவிட்டு, கப்பலில் வருகிற எண்ணெய்க்கு வழிவிட்ட கூத்து! அதே வருஷம் ஃபோடன் குடும்பத்து எட்வின் ரிச்சர்ட் ஃபோடனே தனியாகப் போய் இ.ஆர்.எஃப். என்று டீசல் லாரி செய்ய ஆரம்பித்தார். சென்டினல்காரர்கள் காற்று டயர், நாலு சிலிண்டர், சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட் என்று எஸ்-4 என்ற புது நீராவி லாரி கொண்டுவந்தார்கள். அருமையான வண்டி. பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்த பாயசம்.

ஒரு குறையும் சொல்கிறேன். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், பெயின்ட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கிட்டே போனால் வால்வ் கசிந்து சொட்டுகிறது. பாய்லருக்கு வருஷாவருஷம் சோதனை, குளிர்ந்த தண்ணீரை ஏற்றி அழுத்தம் பார்ப்பது, இதெல்லாம்தான் பாதுகாப்பு. எங்கள் பொன்மலை ரயில்வே பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி என்ஜினே செய்தார்கள், கை மறக்காததால் முடிந்தது.

லண்டன் யாழ்ப்பாணத்தான்:

அண்ணை சொன்ன வரிக் கதை எனக்குப் புதுசு. நான் பார்த்தது விட்பி எண்ட கடலோர ஊரில. 1931-ல் செய்த சென்டினல் லொறி, பிறகு பஸ்ஸாக்கிச் சுற்றுலாப் பயணிகளை ஏத்தினவை. பேர் எலிசபெத். பிள்ளையளுக்கு விசில் சத்தம்தான் கொண்டாட்டம். நான் ஓட்டுநரோட கதைச்சுக்கொண்டே வந்தன். இடையில அது தார் தெளிக்கிற வண்டியாவும் இருந்ததாம். அப்படித்தான் கன சென்டினல்கள் தப்பினது. தாரை இளக வைக்கச் சூடு வேணும், ஆவி கையோட இருக்கு. மற்ற லொறியளெல்லாம் இரும்புக் கடைக்குப் போக, தார் வேலை செய்ததுகள் மிஞ்சிச்சு.

இன்னொண்டு. இலங்கையில களனிவெளி நரோகேஜ் (குறுகிய தண்டவாள) பாதையில ஓடின நீராவி ரயில்காரும், அதாவது தனி என்ஜின் இல்லாமத் தானே ஓடுற பெட்டியும், சென்டினல்தான். ஒரே குடும்பம்.

தென்காசிக்காரன்:

பாயசம் உவமைக்கு நன்றி ஐயா, சிரித்துவிட்டேன். தார் விஷயம் நினைத்தே பார்க்காதது. அன்று இறங்கும்போது ஓட்டுநரிடம் "எது கஷ்டம், உதிரி பாகமா?" என்று கேட்டேன். பாகத்தை வார்த்துக்கொள்ளலாம், நல்ல கரிக்குத்தான் அலைகிறோம் என்றார். மறு வருஷம் நவம்பரில் வேல்ஸின் ஃபோஸ்-ஒய்-ஃபிரான் திறந்தவெளிச் சுரங்கமும் மூடிவிட்டது. இப்போது வெளிநாட்டுக் கரியோ, கரித்தூளை உருண்டையாகப் பிடித்ததோதான்.

உருண்டைக் கரியில் ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பொறி பறக்குமா? அடுத்த முறை பழைய சட்டையோடுதான் போவேன்.