மீன் தொட்டிக் கண்ணாடியில் விழும் பிம்பம்: போலரைசரா, இருட்டா?

தொட்டிக்காரன்:
ஹாலில் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறேன். நீல ஃபைட்டர் மீன் ஒன்று மட்டும் தனியாக இருக்கிறது. செவுளை உப்பி, வாலை விசிறிபோல் விரித்து அது நிற்கும் கோலத்தை ஒருமுறையாவது ஒழுங்காகப் படமெடுக்க வேண்டும் என்று மூன்று வாரமாக முயல்கிறேன். எடுத்த எல்லாவற்றிலும் மீனின் தலைக்கு மேல் டியூப்லைட், வயிற்றில் என் வெள்ளைச் சட்டை. லென்ஸ் முன்னால் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடி) மாட்டினால் போய்விடும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா?

நீர்க்கோழி:
வேண்டாம். கண்ணாடிக்கு நேராக நின்று எடுக்கும்போது போலரைசரால் ஒரு பயனும் இல்லை. எவ்வளவு திருகினாலும் டியூப்லைட் அங்கேயேதான் இருக்கும். போலரைசர் முழுதாக வேலை செய்ய, நேர்ப்பார்வையிலிருந்து ஏறத்தாழ 56 டிகிரி சாய வேண்டும். அவ்வளவு சாய்ந்தால் கண்ணாடியும் தண்ணீரும் ஒளியை வளைத்துவிடும். மீனின் விளிம்பில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகப் பிரியும், கண் மங்கும். மீன் படத்தில் கண் மங்கிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

கண்ணாடியில் தெரிவது உங்கள் அறைதான். அறையை இருட்டாக்குங்கள். திரையை இழுத்துவிட்டு, தொட்டி விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள். கறுப்பு சார்ட் பேப்பரில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸில் மாட்டிக்கொண்டு எடுங்கள். லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட் (குழல் மறைப்பு) இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியோடு ஒட்டி அழுத்தினால் இடையில் வெளிச்சம் நுழைய வழியே இல்லை.

கடல்குதிரை:
அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. 56 டிகிரி என்பது முழுதாக மறைவதற்கு. 40 டிகிரி சாய்ந்தாலே பிம்பத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது, படமும் அவ்வளவு கெடுவதில்லை. என் தொட்டி பால்கனிக் கதவுக்கு எதிரே இருக்கிறது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். பகலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு அவரை இருட்டில் நடமாடச் சொல்ல முடியுமா? ஹூட்டை ஒட்டப் பக்கத்தில் போனால் நியான் டெட்ரா கூட்டம் மொத்தமும் பின்னால் ஓடி ஒளிந்துகொள்கிறது. இரண்டடி தள்ளி நின்று எடுக்க போலரைசர்தான் கைகொடுக்கிறது. சென்னை ஈசிஆரில் விஜிபி மரைன் கிங்டம் போன்ற மீன் காட்சியகத்துக்குப் போனால் நமக்காக விளக்கை அணைத்தா தருவார்கள்?

நீர்க்கோழி:
அம்மா விஷயம் நியாயம், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) விழுங்குகிறதே? கேமராவின் ஒளி உணர்வு அளவான ஐஎஸ்ஓ 1600இல் முடிய வேண்டிய படம் 6400 வரை போய் மணல்மணலாகிவிடும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் வால் கலங்கிவிடும். நான் 1/160 நொடியை விட மெதுவாக வைப்பதே இல்லை. காட்சியகத்திலும் ரப்பர் ஹூட்டை ஒட்டித்தான் எடுக்கிறேன். அது வளைந்துகொடுப்பதால் லென்ஸைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பவும் முடியும். பிளாஸ்டிக் ஹூட் மட்டும் வேண்டாம், அக்ரிலிக்கில் சுலபமாகக் கீறல் விழும்.

செவ்வால்:
இருவரும் ஃபிளாஷை மறந்துவிட்டீர்கள். கேமரா தலையில் மாட்டி நேராக அடித்தால் கண்ணாடியில் பட்டு அப்படியே லென்ஸுக்குத் திரும்பி வரும், அது தெரிந்ததுதான். கழற்றி, தொட்டியின் மூடிக் கண்ணாடி மேல் கவிழ்த்து வையுங்கள். ஃபிளாஷுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள். கம்பியில்லாமல் அதை இயக்க வயர்லெஸ் ட்ரிகர் போதும். லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 200 வைத்தால் மீன் மேல் விழும் ஒளிக்கு முன்னால் அறை வெளிச்சம் ஒன்றுமே இல்லை. டியூப்லைட் எரிந்தாலும் படத்தில் பெரிதாகத் தெரியாது.

கடல்குதிரை:
மீன் மிரளாதா? என் ஏஞ்சல் மீன் ஒன்று ஃபிளாஷ் அடித்ததும் துள்ளிக் கண்ணாடியில் முட்டியது. வாயில் அடிபட்டு இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை. ஒரு படத்துக்காக அந்தப் பாவத்தை இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

செவ்வால்:
இருட்டுத் தொட்டியில் திடீரென்று அடித்தால் மிரளத்தான் செய்யும். தொட்டி விளக்கு எரிய வேண்டும், பவரைக் குறைத்து ஆரம்பிக்க வேண்டும். என் கப்பிகள் ஃபிளாஷ் விழும்போதும் தீனியை விட்டு நகர்வதில்லை. ஆனால் ஒருமுறை முட்டிய மீன் இருக்கிற தொட்டியில் நானும் அடிக்க மாட்டேன். அதில் உங்கள் பக்கம்தான்.

தொட்டிக்காரன்:
நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கறுப்பு சார்ட்டோடு உட்கார்ந்தேன். ஃபிளாஷ் இல்லை. அரை மணி நேரம் அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அப்புறம் திரும்பி வாலை விரித்தது. சட்டையும் இல்லை, டியூப்லைட்டும் இல்லை. வால் நரம்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது, செதிலின் நீலம் ஓரத்தில் பச்சையாக மாறுவதுகூட விழுந்திருக்கிறது. ஒரே குறை, கண்ணுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், வில்போல் வளைந்து. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து மாதிரி இருக்கிறது!

நீர்க்கோழி:
எழுத்தேதான். லென்ஸ் முகப்பு வளையத்தில் பெயரும் எண்ணும் வெள்ளையில் அச்சிட்டிருக்கும், தொட்டி வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணாடியில் தெரிகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மெல்லிதாக நறுக்கி, லென்ஸ் கண்ணாடியில் படாமல் வளையத்தில் மட்டும் ஒட்டுங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது.

கடல்குதிரை:
ராத்திரிக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். பகலுக்குப் போலரைசரை விடமாட்டேன். ஞாயிறு காலை பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, ஒரே மீனை அதை மாட்டியும் கழற்றியும் எடுத்து இங்கே போடுகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா.