புல்வெளியில் சோலைக் கன்றுகள்: காரணம் வெப்பமா, வேறொன்றா?

கேள்வி:
வணக்கம். நான் நீலகிரியில் பள்ளி ஆசிரியர். எங்கள் ஊருக்கு மேலே சோலை எனப்படும் மலைக்காடும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பில், முன்பு புல் மட்டுமே இருந்த இடத்தில் இப்போது மரக்கன்றுகள் நிற்கின்றன. உறைபனி முன்போல் விழுவதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டையும் முடிச்சுப் போட்டு, இது பருவநிலை மாற்றம்தான் என்று மாணவர்களிடம் சொல்ல மனம் ஒப்பவில்லை. பள்ளி அளவில் இதை எப்படி முறையாக ஆராயலாம்?

பதில் 1:
ஐயா, உங்கள் தயக்கம் சரியானது. முதலில் அந்தக் கன்றுகள் எவை என்று பாருங்கள். அவை சீகையாக (வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலிய மரம்) இருந்தால், அயல்மரம் பரவுவதே முதற்காரணமாக இருக்கலாம். காட்டுத்தீயும் மேய்ச்சலும் குறைவதாலும் கன்றுகள் பிழைக்கலாம். அவை சோலை மரங்களின் கன்றுகளாக இருந்தால்தான் உறைபனி பற்றிய கேள்வி கூர்மை பெறுகிறது. ஏனெனில் மரக்கூரை மூடிய சோலைக்குள் இரவில் வெப்பம் தங்குகிறது, திறந்த புல்வெளியிலோ தரையை ஒட்டிய குளிர் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. ஆகவே தலைமட்டத்தில் அல்லாமல், புல்லின் உயரத்திலேயே குறைந்தபட்ச வெப்பமானியை வைத்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாள்தோறும் குறித்து வாருங்கள்.

துருவப் பகுதித் தாவர ஆய்வுகளில், மேற்பகுதி திறந்த ஒளிபுகும் கூண்டுகளை வைத்து உள்ளே ஒன்று முதல் மூன்று டிகிரி வரை வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். அவை பெரும்பாலும் பகலில்தான் பயன் தரும் என்பதால், உங்கள் கேள்விக்குப் போதா. ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடுவதுபோல், சில கன்றுகளை மட்டும் இரவில் மூடிக் காலையில் திறந்து, மூடாத கன்றுகளோடு ஒப்பிடுவதே பொருத்தம். வனநிலமானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். பள்ளி வளாகத்தில் தொட்டிக் கன்றுகளை வைத்தும் தொடங்கலாம்.

பதில் 2:
இந்த எல்லை என்றும் ஒரே இடத்தில் நின்றதில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் படிந்த மட்கிய மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளைக் (எடையில் வேறுபட்ட கார்பன் அணுக்கள்; அவற்றின் விகிதம் புல்லுக்கும் மரத்துக்கும் வேறுபடும்) கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுத் தாவர வரலாற்றைச் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்டனர். வறண்ட காலங்களில் புல் ஓங்கியது, ஈரமான காலங்களில் மரங்கள் பெருகின. பனியூழிக் காலத்தில் காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் புற்களுக்குச் சாதகம். இன்று அது கூடிவருவதால், வெப்பத்தோடு அதையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

பதில் 3:
பழைய பதிவுகளை ஒப்பிடும்போது கவனம் தேவை. ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1802-இல் எடுத்த குறிப்புகளை 2012-இன் அளவீடுகளோடு ஒப்பிட்டவர்கள், தாவரங்கள் 500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாக 2015-இல் எழுதினர். அக்குறிப்புகளின் முக்கியப் பகுதி அண்டிசானா என்ற வேறொரு மலையைச் சேர்ந்தது என்று 2019-இல் தெரியவந்தபோது, அந்த ஏற்றம் பாதியாகச் சுருங்கியது. தாவரங்கள் மேலேறியது உண்மை, தவறியது அளவு. எனவே உங்கள் மாணவர்கள் படம் எடுக்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டு, நாள், திசை, உயரம் மூன்றையும் ஏட்டில் எழுதட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று மாணவர்களோடு சென்று பார்த்தேன். எண்ணிய 40 கன்றுகளில் 31 சீகை. மீதமுள்ள ஒன்பதை அடையாளம் காண இலைகளைப் படம் எடுத்துள்ளோம். டிசம்பருக்குள் வெப்பமானிகளை வைத்துவிடுவோம்.