தம்பிக்கு விஎச்எல்னு சொல்லிட்டாங்க, எனக்கு பார்வை நல்லாத்தான் இருக்கு, நானும் கண்ணை காட்டணுமா?

அகல்விளக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயசு. ஆறு மாசமா வலது கண்ல நேர்கோடு வளைஞ்சு தெரியுது, நடுவுல மங்கலா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தான். முதல்ல காட்டின இடத்துல கண்ணுக்குள்ள ஏதோ இன்ஃபெக்ஷன்னு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க, கண் பாப்பாவை விரிச்சு பார்க்கவே இல்ல, அதுலயே மூணு மாசம் போயிடுச்சு. அப்புறம் ஒரு ரெட்டினா டாக்டர்கிட்ட போனதும் அவர் போட்டோ எடுத்து காட்டினாரு. விழித்திரையோட ஓரத்துல செக்கச்செவேல்னு ஒரு உருண்டை, அதுக்கு ரெண்டு ரத்தக்குழாய் புழு மாதிரி பருத்து நெளிஞ்சு போகுது, அதுலேர்ந்து கசிஞ்ச கொழுப்பு நடுவுல மஞ்சளா நட்சத்திரம் மாதிரி படிஞ்சிருக்கு. ரத்தக்குழாய் கட்டி, ஹீமாஞ்சியோபிளாஸ்டோமான்னு சொன்னாரு. எம்.ஆர்.ஐ. எடுத்ததுல சிறுமூளையிலயும் சின்னதா ஒண்ணு. வான் ஹிப்பெல் லிண்டாவ், சுருக்கமா விஎச்எல், பரம்பரையா வர்றதுன்னு சொல்லிட்டாங்க.

எங்க அப்பா 48 வயசுல கிட்னி கேன்சர்ல போனாரு. அப்போ யாரும் இதை பத்தி பேசல. இப்போ நினைச்சா நெஞ்சு அடைக்குது.

எனக்கு 34. கண்ணாடி கூட கிடையாது, போன மாசம் செக் பண்ணினப்போ 6/6. வீட்டுக்காரர், நல்லா தெரியற கண்ணை எதுக்கு போய் நோண்டணும், இல்லாத பயத்தை இழுத்து விட்டுக்காதன்னு சொல்றாரு. பொண்ணுக்கு 4 வயசு, அவளையும் இப்பவே பார்க்கணுமா இல்ல பெரியவளானதும் போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கமே வரல.

நீலவானம் எழுதியது:

சிஸ்டர், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 6/6ங்கறது நடுப்பார்வையோட கணக்கு மட்டும்தான். இந்த கட்டி பெரும்பாலும் விழித்திரையோட ஓரத்துலதான் முளைக்கும், அங்க இருக்கறவரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, வலிக்காது, சிவக்காது. கசிவு நடுவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நமக்கு தெரியுது, அதுக்குள்ள லேட். தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

எனக்கு 41 வயசு, 19 வயசுல விஎச்எல்னு கண்டுபிடிச்சாங்க. வலது கண்ல இதுவரைக்கும் அஞ்சு கட்டிக்கு லேசர் போட்டிருக்காங்க, எல்லாமே செக்கப்ல தற்செயலா பார்த்தது, ஒண்ணைக்கூட நானா உணரல. இன்னிக்கும் அந்த கண்ல படிக்கறேன், எழுதறேன். லேசர்னதும் பயப்படாதீங்க. தாடையை ஸ்டாண்டுல வச்சு உக்கார வைப்பாங்க, மரத்துப்போற சொட்டு விட்டு கண் மேல ஒரு லென்ஸ் வைப்பாங்க, அப்புறம் பளிச் பளிச்னு வெளிச்சம், நடுநடுவுல கண்ணுக்கு பின்னாடி சுருக்குன்னு ஒரு குத்து. எனக்கு பத்து பதினைஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒரே தடவையில சுருங்கலைன்னா திரும்ப போடுவாங்க.

இடது கண்ணு கதை வேற. அதுல கட்டி பார்வை நரம்பை ஒட்டியே இருக்கு. அங்க லேசர் போட்டா நரம்பே கருகிடும்னு கை வைக்காம பார்த்துட்டே இருந்தாங்க, ஊசி போட்டதுல கசிவு கொஞ்சம் குறைஞ்சதே தவிர கட்டி அப்படியேதான் இருந்துச்சு. அந்த கண்ல இப்போ கைவிரல் எண்ணற அளவுக்குத்தான் தெரியும். ஓரத்துல, சின்னதா இருக்கும்போதே பிடிச்சா என்ன, விட்டா என்னன்னு ரெண்டு கண்ணுலயும் ரெண்டையும் பார்த்தவன் சொல்றேன், இந்த வாரமே போங்க.

விழிவாசல் எழுதியது:

நான் ரெட்டினா பிரிவுல ஆப்டோமெட்ரிஸ்டா, அதாவது கண் பரிசோதனை பண்றவரா வேலை பாக்கறேன், டாக்டர் இல்ல, அதனால உங்க விஷயத்துல முடிவை உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா இது ஏன் வருதுன்னு புரிஞ்சா பயம் கொஞ்சம் குறையும்.

3வது குரோமோசோம்ல விஎச்எல்னு ஒரு ஜீன் இருக்கு, 1993ல கண்டுபிடிச்சாங்க. உடம்புல ஆக்சிஜன் குறைஞ்சா ஹிஃப்னு ஒரு புரதம் தலைதூக்கி, புது ரத்தக்குழாய் போடுன்னு உத்தரவு குடுக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அந்த ஹிஃப்பை அழிக்கற வேலை விஎச்எல் புரதத்தோடது. அது கெட்டுப்போன செல்லுல ஹிஃப் அடங்கவே அடங்காது, ஆக்சிஜன் தாராளமா இருந்தும் மூச்சு திணறுற மாதிரி நினைச்சுகிட்டு ரத்தக்குழாயை வளர வைக்கற விஇஜிஎஃப்ங்கற புரதத்தை கொட்டிக்கிட்டே இருக்கும். அதனாலதான் குழாய் பருக்குது, கசியுது. இந்த ஆக்சிஜன் விஷயத்தை கண்டுபிடிச்சதுக்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூணு பேருக்கும் 2019ல நோபல் குடுத்தாங்க. நோய்க்கு பேரு வந்ததே கண்ணுல இருந்துதான், வான் ஹிப்பெல் கண் டாக்டர், 1904ல எழுதினாரு. கண்ல வர்றதும் மூளையில வர்றதும் ஒரே நோய்தான்னு 1926ல லிண்டாவ் சேர்த்து வச்சாரு.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி, ஆணு பொண்ணு வித்தியாசம் கிடையாது. ஒரு தலைமுறையை தாண்டி குதிக்கறதும் அபூர்வம். ஜீன் டெஸ்ட் பண்றதா இருந்தா தம்பியோட ரத்தத்தை முதல்ல பாருங்க. அவனுக்கு ஜீன்ல எந்த இடத்துல மாற்றம்னு தெரிஞ்சிட்டா உங்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தா போதும். உங்ககிட்ட அது இல்லைன்னு வந்தா உங்களுக்கும் இல்ல, உங்க வழியா பாப்பாவுக்கும் இல்ல, வருஷா வருஷம் ஸ்கேன்னு அலையவே வேண்டாம். டெஸ்ட்னா கெட்ட சேதி மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க, இதை உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க.

ரிசல்ட் வர்றவரைக்கும் கண்ணை நிறுத்தி வைக்காதீங்க. கண் பாப்பாவை விரிச்சு விழித்திரையோட ஓரம் வரைக்கும் பார்க்கணும், ஓரத்தையும் சேர்த்து எடுக்கற வைட்ஃபீல்ட் போட்டோ இருந்தா இன்னும் நல்லது. சந்தேகமா இருந்தா கையில மஞ்சள் சாயம் ஏத்தி ஆஞ்சியோ எடுப்பாங்க, பொடிசா இருக்கற கட்டி அதுல பளிச்னு மின்னும்.

மழைத்துளி எழுதியது:

அக்கா, பாப்பாவை பத்தி கேட்டீங்களே. என் பையனுக்கு அவங்க அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு, இப்போ 9 வயசு. இந்த ஜீன் மாற்றம் இருக்கற குழந்தைகளுக்கு ஒரு வயசுக்குள்ளயே கண் செக்கப் ஆரம்பிக்கணும்னு எங்களுக்கு சொன்னாங்க, 4 வயசுங்கறது சீக்கிரம் இல்ல. நாங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போறோம். முதல் தடவை சொட்டு மருந்துக்கே கத்தி தீர்த்துட்டான். அப்புறம் வீட்ல பொம்மைக்கு டார்ச் அடிச்சு, மேல பாரு கீழ பாருன்னு ஒரு வாரம் விளையாடினோம், அடுத்த தடவை அவனே தலையை தூக்கி காட்டினான்.

இன்னொண்ணு முக்கியம். இந்த நோய்ல அட்ரினல் சுரப்பியிலயும் கட்டி வரலாம், ஃபியோன்னு சொல்லுவாங்க. அது உள்ள இருக்கறது தெரியாம மயக்க மருந்து குடுத்தா பி.பி. தாறுமாறா ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும். தம்பிக்கு கண்லயோ தலையிலயோ ஆபரேஷன்னு பேச்சு வந்தா, அதுக்கு முன்னாடி இந்த ஃபியோ இருக்கான்னு காட்டற மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் பார்த்தாச்சான்னு நீங்களே வாய் விட்டு கேளுங்க.

அகல்விளக்கு எழுதியது:

படிச்சிட்டு அழுதுட்டேன், ஆனா தெளிவா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட இந்த பதிலை எல்லாம் படிச்சு காட்டினேன், ஒண்ணும் பேசல, அவரே போன் எடுத்து அப்பாயின்ட்மென்ட் போட்டாரு. தம்பி இதுக்கு மாத்திரை இருக்காமேன்னு கேக்கறான், உண்மையா?

விழிவாசல் எழுதியது:

இருக்கு, பெல்ஸுடிஃபான். மேல சொன்ன ஹிஃப்பையே நேரா அடக்கற மாத்திரை. 2021ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, அதுவும் விஎச்எல்ல வர்ற கிட்னி, மூளை தண்டுவடம், கணையம் கட்டிகளுக்கு, அதுலயும் உடனே ஆபரேஷன் தேவைப்படாதவங்களுக்கு. அந்த ஆராய்ச்சியில இருந்தவங்களோட கண் கட்டியும் குறைஞ்சதுன்னு பார்த்தாங்க. நீலவானம் அண்ணா சொன்ன மாதிரி நரம்பை ஒட்டி இருக்கறதுக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனா ரத்தசோகை வரும், ஆக்சிஜன் இறங்கலாம், கர்ப்பத்துல தொடவே கூடாது. ஓரத்துல இருக்கற சின்ன கட்டிக்கு இன்னும் லேசர்தான் முதல் கை.

அகல்விளக்கு எழுதியது:

இன்னிக்கு போயிட்டு வந்தோம். பொண்ணு கண்ல இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இடது கண்ல, மேல் ஓரத்துல ஒண்ணு இருக்கு. திரையில பெருசு பண்ணி காட்டினாங்க, அரை மில்லிமீட்டர் கூட இல்ல, குண்டூசி தலையை விட சின்னது, பக்கத்துல குழாய் இன்னும் பருக்கவே ஆரம்பிக்கல. குடும்பத்துல இருக்கறதால இந்த ஒண்ணே போதும், எனக்கும் விஎச்எல்தான்னு சொல்லிட்டாங்க. தம்பியோட ரத்தம் அனுப்பியாச்சு, மாற்றம் எதுன்னு தெரிஞ்சதும் பொண்ணுக்கு பார்ப்பாங்க. எனக்கு வியாழக்கிழமை லேசர். நீலவானம் அண்ணா, அன்னிக்கு கூட யாராவது வரணுமா, தனியா போயிட்டு வந்துடலாமா?

நீலவானம் எழுதியது:

யாரையாவது கூட்டிட்டு போங்கம்மா. சொட்டு மருந்துலயும் லேசர் வெளிச்சத்துலயும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும், வண்டி ஓட்டவே கூடாது. கூலிங் கிளாஸ் எடுத்துக்கோங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் பத்து நாள்ல மங்கலோ மறைக்கற மாதிரியோ இருந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, சில சமயம் லேசருக்கு அப்புறம் கசிவு கூடும், உடனே போய் காட்டுங்க. வியாழன் சாயங்காலம் எப்படி இருந்துச்சுன்னு இங்க ஒரு வரி போடுங்க.