அலமாரி வைத்து அடைத்த கதவு: டிக்கன்ஸை இனி எப்படிப் படிப்பது?

மழைக்கால வாசகி:
போன மாதம் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ மூன்றாவது தடவையாக எடுத்தேன். நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, நடுவில் சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கையைப் படித்துத் தொலைத்துவிட்டேன், அதுதான் வினை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1836இல் கேத்தரின் ஹோகார்த்தைக் கல்யாணம் செய்கிறார். 1837 முதல் 1852 வரை பத்துப் பிள்ளைகள். 1857இல், அவருக்கு 45 வயது, எல்லன் டெர்னன் என்ற 18 வயது நடிகையைச் சந்திக்கிறார். அந்த அக்டோபரில் வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: என் உடைமாற்றும் அறைக்கும் மனைவியின் அறைக்கும் நடுவில் இருக்கும் வாசலில் அலமாரி அடித்து மூடிவிடு என்று. மனைவியிடம் சொல்லவில்லை, வேலைக்காரியிடம் சொல்கிறார்! அடுத்த ஆண்டு கேத்தரின் வீட்டுக்கு வெளியே. வருடத்துக்கு 600 பவுண்டு ஜீவனாம்சம். மூத்த மகன் மட்டும் அம்மாவோடு போனான், மற்றப் பிள்ளைகள் அப்பாவிடம். கேத்தரினின் கூடப்பிறந்த தங்கை ஜார்ஜினாகூட அக்காவோடு போகாமல் டிக்கன்ஸ் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

இதோடு விட்டாரா? தான் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ பத்திரிகையிலேயே 1858 ஜூனில் ‘சொந்த விஷயம்’ என்று ஊருக்கு அறிக்கை விட்டார். மனைவியைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கவும் பார்த்தார். தாய் இல்லாத பிள்ளைகளுக்காக உலகத்தையே அழவைத்தவர், தன் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

பழைய புத்தகக் கடை:
எப்படிப் படிக்கிறேனா? பக்கத்தைப் புரட்டித்தான்.

அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம், எழுத்தாளனின் படுக்கையறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து நாவலுக்கு மார்க் போடும் இந்தப் பழக்கம் எனக்கு அலுத்துவிட்டது. அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். 1824இல் அப்பா ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில். பன்னிரண்டு வயதுப் பையன் தேம்ஸ் கரையில் எலி ஓடும் கட்டடத்தில் பூட்ஸ் பாலிஷ் டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான், வாரத்துக்கு ஆறு ஷில்லிங் கூலிக்கு. அதை வெளியே சொல்லக்கூட அவமானப்பட்டு வாழ்ந்தார். அவர் செத்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் வாழ்க்கை வரலாற்றை வெளியிடத் தொடங்கியபோதுதான் வாசகர்களுக்கே தெரிந்தது. 1834இன் ஏழைகள் சட்டம் வந்து அனாதைகளைப் பணிவிடுதியில் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் இடம்) அரைப்பட்டினி போட்டபோது, மூன்றே வருடத்தில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ எழுத ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்று ஒரு பையன் கிண்ணத்தை நீட்டினானே, அந்த ஒரு கிண்ணம் செய்த வேலையை நூறு அறிக்கைகள் செய்திருக்குமா? அந்தக் கிண்ணத்துக்கும் கேத்தரினுக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்கால வாசகி:
சம்பந்தம் இருக்கிறது சார், நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். அப்பா சிறையிலிருந்து வந்த பிறகும் அந்தப் பையனை மறுபடி பாலிஷ் வேலைக்கு அனுப்பலாம் என்று சொன்னது அம்மா. அதை ஒருநாளும் மறக்க மாட்டேன் என்று எழுதிவைத்தார். கடனை வாங்கிக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திய அப்பா, ‘காப்பர்ஃபீல்ட்’ நாவலில் மிகாபர் என்ற பெயரில் எல்லோரும் கொஞ்சும் பாத்திரமாகிவிட்டார். அம்மாவுக்குக் கிடைத்தது என்ன? ‘நிக்கலஸ் நிக்கல்பி’ நாவலில் தொணதொணவென்று பேசும் திருமதி நிக்கல்பி. செலவு செய்த ஆணுக்குப் பாசம், கணக்குப் பார்த்த பெண்ணுக்குக் கேலி. இது படுக்கையறை விஷயம் இல்லை, அச்சான பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் ‘காப்பர்ஃபீல்ட்’ டோரா. டேவிட்டுக்கு மனைவி டோராவோடு ஒத்துப்போகவில்லை. ஆசிரியர் என்ன செய்கிறார்? டோராவைச் சாகடித்து டேவிட்டை விடுவித்து ஆக்னஸிடம் சேர்த்துவிடுகிறார், டோராவே அதற்கு ஆசி வேறு கொடுத்துவிட்டுப் போகிறாள். கதையில் அது எளிது. நிஜத்தில் கேத்தரின் சாகவில்லை, அதனால்தான் அலமாரி தேவைப்பட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அத்தியாயத்தில் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வருகிறது.

சும்மா படிப்பவன்:
வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதியவர் என்று எங்கள் கல்லூரியில் சொல்வார்கள். பத்துப் பிள்ளைகள் என்றால் வார்த்தை கூடத்தானே செய்யும், பாவம் :)

கணக்கர்:
வார்த்தைக்குக் காசு என்பது கதை. அவருக்குப் பணம் தவணைக் கணக்கில் வந்தது. பெரிய நாவல்களில் பெரும்பாலானவை பச்சை அட்டை போட்ட மாதத் தவணைகள்: 32 பக்கம், இரண்டு படம், விலை ஒரு ஷில்லிங். 20 பகுதிகள், கடைசி இரண்டும் சேர்ந்து ஒரே இதழாக வரும். அந்த 32 பக்கத்தை நிரப்பியாக வேண்டும், மீறவும் கூடாது. முதல் நாவல் ‘பிக்விக்’ தொடங்கியபோது சில நூறு பிரதி, முடியும்போது 40,000. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி புரியும்.

வாசகிக்கும் ஒரு திருத்தம். பைத்தியக்கார விடுதி விஷயத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்லக் கூடாது. அதற்கு ஆதாரம் எட்வர்ட் டட்டன் குக் என்ற பக்கத்து வீட்டுப் பத்திரிகையாளர் எழுதிய கடிதம். கேத்தரின் 1879இல், சாகும் தறுவாயில், தன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார். ஹார்வர்டில் இருந்த அந்தக் கடிதங்களை ஜான் போவன் என்ற பேராசிரியர் படித்து 2019இல் வெளிப்படுத்தினார். அதாவது அவள் சொன்னதாக இவர் சொன்னது. பொய் என்று நான் சொல்லவில்லை. டிக்கன்ஸே 1858இல் எழுதிய ஒரு கடிதத்தில் கேத்தரினுக்கு அவ்வப்போது மனக்கோளாறு வரும் என்று எழுதி, வேண்டியவர்களுக்குக் காட்டலாம் என்று தன் மேடை வாசிப்புகளின் மேலாளரிடம் கொடுத்திருக்கிறார். அது அந்த ஆகஸ்டில் நியூயார்க் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குக் சொன்னது நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் ‘நம்பும்படி’ வேறு, ‘நடந்தது’ வேறு.

பழைய புத்தகக் கடை:
கணக்கருக்கு நன்றி. இதைத்தான் சொல்கிறேன், பாதி தெரிந்த விஷயத்துக்கு முழுத் தண்டனை கொடுக்கிறோம். காலத்தையும் பார்க்க வேண்டாமா? 1858இல்தான் இங்கிலாந்தில் விவாகரத்துக்குத் தனி நீதிமன்றமே வந்தது. அதிலும் மனைவி வேறொருவரோடு உறவு வைத்துத் தப்புச் செய்தால்தான் கணவன் விவாகரத்து கேட்க முடியும். கேத்தரின் மேல் அப்படி ஒரு புகாரும் இல்லை. ஒத்துவராத இருவர் பிரிய மரியாதையான வழி எதுவுமே அப்போது கிடையாது.

மழைக்கால வாசகி:
அந்தச் சட்டத்தின் மறுபாதியையும் சொல்லுங்கள் சார். கணவன் தப்புச் செய்தது மட்டும் மனைவிக்குப் போதாது, கூடவே கொடுமை செய்தான், கைவிட்டான் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் அப்பன் பக்கம். மரியாதையான வழி இல்லை, சரி. அறிக்கை விடு என்று யார் சொன்னது? வதந்தி பேசினார்கள் என்று மாமியாரையும் மைத்துனி ஒருத்தியையும் மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடவைத்தாரே, அதுவும் காலத்தின் குற்றமா? தன் அறிக்கையை ‘பஞ்ச்’ பத்திரிகை போடவில்லை என்று அதன் பதிப்பாளர்களோடு உறவையே முறித்துக்கொண்டார். நகைச்சுவைப் பத்திரிகையில் குடும்பச் சண்டை போட மாட்டோம் என்றது அவ்வளவு பெரிய தப்பு!

சும்மா படிப்பவன்:
இதற்கு ‘பஞ்ச்’தான் சரியான இடம் என்று அவர் நினைத்ததே நல்ல நகைச்சுவை.

கிழக்குக் கரை:
எல்லோரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். வாசகி சொன்ன அந்த அலமாரிக் கடிதம் 1857 அக்டோபர் 11. அதற்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 4, இன்னொரு கடிதம் இருக்கிறது. பணக்காரச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸுக்கு எழுதியது. சிப்பாய்க் கலகச் செய்திகளைப் படித்துவிட்டு, நான் மட்டும் இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே பூண்டோடு அழிக்க என்னாலானதைச் செய்வேன் என்கிறார். கஞ்சிக் கிண்ணத்துக்காக உருகிய அதே பேனா.

ஒரு தகப்பனின் பயம் அதில் இருந்தது என்று வாதிடுவார்கள். இரண்டாவது மகன் வால்டர் அந்த ஆண்டுதான், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். பயம் புரிகிறது. ஆனால் அதே பையன் 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் கடனும் நோயுமாகச் செத்தபோது, பெற்ற தாய் கேத்தரினுக்கு ஆறுதலாக ஒரு வரி இவர் எழுதவில்லை. வால்டரின் கல்லறைக் கல் இன்றும் கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

பழைய புத்தகக் கடை:
அந்த அக்டோபர் கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஆனால் நீங்கள் சொன்ன அதே பர்டெட்-கூட்ஸின் பணத்தில் 1847இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் யுரேனியா காட்டேஜ் என்று ஒரு வீடு தொடங்கி, தெருவிலும் சிறையிலும் கிடந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி, அவர்கள் உடுத்தும் துணி சாம்பல் நிறத்தில் வேண்டாம், கலராக இருக்கட்டும் என்பது வரை கவலைப்பட்டு, பத்து வருடம் நடத்தியதும் இதே மனிதர். நாவல் தவணைக்கு நடுவில், காசு வாங்காமல்.

இன்னொன்று. ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் ஃபேகின் என்ற திருட்டுக் கூட்டத் தலைவனைப் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் ‘அந்த யூதன்’, ‘அந்த யூதன்’ என்றே எழுதியிருந்தார். 1863இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி, இது எங்கள் மக்களுக்குச் செய்த அநியாயம் என்று கடிதம் எழுதினார். முதலில் சாக்குச் சொன்னார் டிக்கன்ஸ். அப்புறம் ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார். 1867இல் ஆலிவரை மறுபடி அச்சிட்டபோது பின்பாதியில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் நீக்கினார். உலகமே கொண்டாடும் எழுத்தாளர், ஒரு வாசகி சொன்னதற்காகத் தன் பிரதியில் கைவைத்தார். இதையும் தராசில் போடுங்கள்.

கணக்கர்:
அந்த எலைசா டேவிஸ் யார் தெரியுமா? டிக்கன்ஸிடமிருந்து 1860இல் டேவிஸ்டாக் ஹவுஸை வாங்கியவரின் மனைவி. அலமாரி வைத்து அடைக்கச் சொன்ன வாசல் இருந்த வீடு அதுதான்.

மழைக்கால வாசகி:
இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஃபேகின் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் சார், அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் வெளியாள் ஒருத்தி கடிதம் எழுதினால் அவருக்குக் காது கேட்டிருக்கிறது. யுரேனியா காட்டேஜிலும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவர்களுக்குத் திறந்த கதவு அது. சமரசம் பேசவந்த பர்டெட்-கூட்ஸ் சொன்னதைக்கூட அவர் கேட்கவில்லை.

இரண்டாம் ஆட்டம்:
எல்லன் டெர்னனை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1865 ஜூன் 9, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்து, பத்துப் பேர் சாவு. பாலத்தில் தொங்கிய பெட்டியில் டிக்கன்ஸ், எல்லன், எல்லனின் அம்மா மூன்று பேரும். இறங்கிப்போய்த் தொப்பியில் தண்ணீர் மொண்டு காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார், பிராந்தி கொடுத்தார், கடைசியில் பெட்டிக்குள் திரும்ப ஏறி நாவல் கைப்பிரதியை எடுத்துவந்தார். எல்லாம் வீரம்தான். ஆனால் விசாரணையில் சாட்சி சொல்லப் போகவில்லை, போனால் கூட வந்தது யார் என்று கேட்பார்களே. பதின்மூன்று வருடம் அந்தப் பெண் இப்படியே மறைவில் வாழ்ந்தாள். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே ஜூன் 9 அன்று அவர் செத்தார். உயிலில் முதல் பெயர் எல்லன்தான், 1000 பவுண்டு. பிறகு அவள் தன் வயதில் பத்துக்கு மேல் குறைத்துச் சொல்லிக்கொண்டு, 1876இல் வேறொருவரைக் கல்யாணம் செய்து, அந்தப் பழைய ஆண்டுகளையே இல்லாமல் ஆக்கிவிட்டாள். என்னைக் கேட்டால் அந்த வீட்டுக்காரர்களில் நல்ல கதை கட்டத் தெரிந்தவள் அவள்.

மழைக்கால வாசகி:
கேத்தரினுக்கு அந்த வசதி இல்லை. அவளிடம் இருந்தது அவர் எழுதிய பழைய காதல் கடிதங்கள் மட்டும். சாகும் முன் மகள் கேட்டிடம் கொடுத்து, அவர் ஒரு காலத்தில் என்னை நேசித்தார் என்று உலகத்துக்குத் தெரியட்டும், பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்த்துவிடு என்றாள். கேட் ரொம்ப நாள் தயங்கினாள், எரித்துவிடலாமா என்றுகூட. பெர்னார்ட் ஷாதான் எரிக்க வேண்டாம் என்று சொல்லித் தடுத்தவர். டிக்கன்ஸோ 1860இலேயே தனக்கு வந்த கடிதங்களையெல்லாம் தோட்டத்தில் கொட்டிக் கொளுத்தியிருந்தார்.

பழைய புத்தகக் கடை:
அந்தக் கடிதங்களை நான் படித்ததில்லை. படிக்க வேண்டும். ஆனால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, நாவல் நாவல்தான். நீங்கள் டோராவைப் பற்றிச் சொன்னது மட்டும் உறுத்துகிறது, அந்த அத்தியாயத்தை இன்று ராத்திரி திரும்பப் பார்க்கிறேன்.

சும்மா படிப்பவன்:
இவ்வளவு சண்டை போட்டீர்களே, அவருடைய ஒரு நாவலைக்கூட முழுசாகப் படிக்காத நான் எதில் ஆரம்பிக்க?

பழைய புத்தகக் கடை:
‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. யோசிக்கவே வேண்டாம்.

மழைக்கால வாசகி:
‘ப்ளீக் ஹவுஸ்’. ஊர் உலகத்துக்கெல்லாம் உதவி செய்துகொண்டு சொந்தப் பிள்ளைகளைக் கவனிக்காத திருமதி ஜெலிபி அதில்தான் வருகிறாள். அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்தே இருந்திருக்கிறது, பாருங்கள்.

கணக்கர்:
‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ எடுத்தால் பின்னிணைப்பில் முதல் முடிவையும் கொடுத்திருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். எழுத்தாள நண்பர் புல்வர்-லிட்டன் சொன்னார் என்று அதையும் மாற்றியிருக்கிறார்.