ஆல்ட்கெல்ட் கொடுத்த மன்னிப்பு: கருணையா, தீர்ப்பா?

கேள்வி:
மே தினம் பற்றிப் பேசும்போது, 1886-இல் தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வீசப்பட்டதற்காக நடந்த சிகாகோ ஹேமார்க்கெட் வழக்கில் தூக்கிலிடப்பட்ட நால்வரோடு நிறுத்திவிடுகிறோம். சிறையில் மிஞ்சிய ஃபீல்டன், நீபி, ஷ்வாப் மூவரையும் 1893-இல் விடுவித்தவர் இல்லினாய் ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம், முன்னாள் நீதிபதி. இரக்கப்பட்டு விடுவித்தாரா, வழக்கே தவறு என்றாரா?

பதில் 1:
இரக்கம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. 'பட்டது போதும், விட்டுவிடுங்கள்' என்றுதான் மனு போட்டவர்களில் பலர் கேட்டார்கள். விசாரணை நேர்மையாக நடந்திருந்தால் ஆளுநர் தலையிடவே கூடாது என்று அதை ஒதுக்கிவிட்டு, நேராக ஜூரிக்குப் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) போகிறார். ஜூரிக்கான பெயர்களைப் பெட்டியிலிருந்து குலுக்கி எடுப்பதுதான் வழக்கம். இங்கே ரைஸ் என்ற சிறப்பு பெய்லிஃப் (நீதிமன்ற அலுவலர்), தானே ஆள் பார்த்து அழைத்துவந்தார். குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேருக்கும் தலைக்கு 20 வீதம், ஜூரிக்கு வருபவரைக் காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் வாய்ப்பு 160. அது தீர்ந்துபோகும்படி ஆட்களை நிறுத்தியதாகப் பிரமாணப் பத்திரமே இருந்தது. குற்றவாளிகள் என்று முன்பே முடிவுகட்டியவரைக்கூட, 'நியாயமாக நடப்பேன்' என்று சொல்லவைத்து, வழக்கை விசாரித்த நீதிபதி கேரி ஏற்றுக்கொண்டார். குண்டு வீசியவர் யார் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஆள் தெரியாதபோது, இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அவன் வீசினான் என்று எப்படிச் சொல்வது? மன்னிப்புக்குக் காரணம் சொல்லி ஆல்ட்கெல்ட் எழுதிய ஆவணத்தின் முதுகெலும்பு இதுதான். நீபிக்கு எதிராகச் சாட்சியமே கிடையாது என்பதைத் தனியாகவே எழுதியிருக்கிறார்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். 1886 நவம்பரில் ஆல்ட்கெல்ட் நீதிபதியாகத் தேர்வானது குக் மாவட்ட சுப்பீரியர் கோர்ட்டுக்கு. கேரியும் அதே கோர்ட்டின் நீதிபதி. கூட உட்கார்ந்தவரையே பாரபட்சம் காட்டினார் என்று ஆளுநர் நாற்காலியிலிருந்து எழுதியதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. வெறும் விடுதலை உத்தரவாக இருந்திருந்தால் இவ்வளவு கொதிப்பு வந்திருக்காது என்பது என் கணிப்பு. ஏழைகளைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளும் சிறைமுறையைக் கண்டித்து 1884-லேயே புத்தகம் போட்டவர். அதனால் இது திடீர் ஞானோதயம் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1896 ஆளுநர் தேர்தலில் தோற்றதும் இதனால்தானா?

பதில் 1:
இது மட்டும் இல்லை. 1894 புல்மேன் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, தன்னைக் கேட்காமல் சிகாகோவுக்குப் படை அனுப்பிய ஜனாதிபதி கிளீவ்லாண்டை எதிர்த்துத் தந்தி அடித்தார். சொந்தக் கட்சி ஜனாதிபதி! 1896-இல் எதிர்க்கட்சி ஜனாதிபதி வேட்பாளர் மெக்கின்லியின் அலையும் சேர்ந்துகொண்டது. ஜனாதிபதி பதவிக்கு ஆல்ட்கெல்ட் நிற்கவே வழியில்லை, பிறந்தது வெளிநாட்டில்.

பதில் 3:
தொழிற்சாலைப் பக்கத்தையும் விடாதீர்கள். 1893-இல் பெண்களுக்கு 8 மணி நேர வேலைச் சட்டம் கொண்டுவந்து, அமல்படுத்த சமூகச் சீர்திருத்தவாதி ஃபிளாரன்ஸ் கெல்லியைத் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளராக நியமித்தார். 8 மணி நேர விதியை 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்துக்கு எதிரானதாம். எட்டு மணி நேரம் கேட்டுத்தான் சிகாகோவில் 1886-இல் அந்தப் போராட்டமே தொடங்கியது.